தனிஸ்லாசுக்குக் கொஞ்சம் வெயில் வேண்டும்

சித்திரை மாதத்து உச்சிவேளை. ஓட்டின் மேல் உட்கார வந்த காக்கை ஒன்று, கால் சுட்டதும் உட்காராமலே திரும்பிப் போனது. அந்த நேரத்தில் தனிஸ்லாஸ் தகரப்பெட்டிக்குள் தலையை விட்டுக் கம்பளிச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

“இன்னாங்க தேடறீங்க?” என்று அடுப்படியிலிருந்து அவன் மனைவி அன்னாமேரி கேட்டாள்.

“அந்தக் கம்பளிச் சட்ட. எங்க அண்ணன் குடுத்துச்சே, அது.”

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த பெரியப்பா மகன், லீவில் வந்தபோது கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன சட்டை அது. வில்லியனூரில் அதைப் போட்டுக்கொள்ளும்படியான குளிர் இதுவரை வந்ததில்லை.

கரண்டிச் சத்தம் நின்றது. அன்னாமேரி வந்து கணவனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“ஜொரமா?”

“ஜொரம்லாம் ஒண்ணுமில்ல. ஓடப் போறேன்.”

“இந்த வெயில்லயா?”

“இந்த வெயிலுக்காகத்தான்.”

“கம்பளியப் போட்டுக்கினா?”

“ஆமா. அப்பத்தான் நல்லா வேவும்.”

“இன்னா வேவும்?”

“நானு.”

அன்னாமேரி வாசலை எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு சுடுகுஞ்சுகூட இல்லை. கோடியில் நின்ற வேப்பமரம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்துகொண்டிருந்தது. ஒரு நாய் சாக்கடைக்குள் இறங்கி, கழுத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருந்தது. உலகத்துக்கே தெரிந்த விஷயம் தன் புருஷனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை.

தனிஸ்லாசுக்குப் புதுச்சேரியில் ஐஸ் கம்பெனியில் வேலை. மீன் லாரிகளுக்குப் போகும் ஐஸ் பாளங்களைத் தொட்டியிலிருந்து இழுத்து அடுக்குகிற வேலை. கோடை, மழை எதுவாக இருந்தாலும் அவன் நாள் முழுவதும் குளிரில்தான் நிற்பான். அதனால் ஊரில் அவனுக்கு ‘ஐஸ் தனிஸ்லாஸ்’ என்று பெயர். வேலைக்குப் போகும் முன், விடியற்காலையில், பனி பெய்கிற நேரத்தில் ஊசுட்டேரிக் கரையில் ஓடுவான். அவன் ஓடும்போது பார்த்தால் ஓடுகிறவன் மாதிரியே இருக்காது. கண் பாதி மூடியிருக்கும், உதட்டில் ஒரு சிரிப்பு இருக்கும், தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரிக் கால்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எதிரே வருகிற பால்காரர் கும்பிட்டாலும் தெரியாது. அந்த ஓட்டத்தில்தான் அவன் பாண்டிச்சேரி அணிக்குப் பத்தாயிரம் மீட்டர் ஓடத் தேர்வாகியிருந்தான்.

போன வருஷம் கல்கத்தாவில் அகில இந்தியப் போட்டி. மத்தியானத்தில் ஓட விட்டார்கள். அந்த ஊர் வெயில், ஈரத்துணியைக் கொதிக்க வைத்து முகத்தில் போர்த்தியது போல இருந்தது. வியர்வை வந்தது, ஆனால் காயவில்லை. ஓடிக்கொண்டே இருந்தவனுக்கு எதிரே ஐஸ் கம்பெனியின் இரும்புக் கதவு தெரிந்தது. ஆசையாகத் திறந்துகொண்டு உள்ளே போனான். கண் விழித்தபோது புல்லில் படுத்திருந்தான். நெஞ்சில் ஒரு ஐஸ் கட்டியை வைத்து நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இது செரியா ஒறையல” என்று ஐஸைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடியும் மயங்கினான்.

பயிற்சியாளர் நாகராஜன் இதை இன்னும் மறக்கவில்லை. போன வாரம் கூப்பிட்டு அனுப்பி, நேராகவே சொல்லிவிட்டார்.

“இந்த வருசமும் கல்கத்தாதான். அதே மத்தியானந்தான். உன் காலுக்கு ஒரு கொறையும் இல்ல, தனிஸ்லாஸ். ஒடம்புக்குத்தான் வெயிலே தெரியல. மத்த ஸ்டேட்டுக்காரன்லாம் பசங்கள சூடான எடமா பாத்துக் கூட்டிக்கினு போயிட்டான். நம்மகிட்ட அதுக்கு வசதி இல்ல. நீயே எங்கயாவது சூடா, ஈரமா, காத்தே வராத எடமா பாத்து ரெண்டு வாரம் ஓடு. ஒடம்பு கத்துக்கும். இந்தத் தடவையும் விழுந்தியின்னா அடுத்த வருசம் உம் பேரு இருக்காது. முப்பதத் தாண்டிட்ட, பாத்துக்க.”

அதனால்தான் மேஸ்திரியிடம் கெஞ்சிச் சாயங்கால ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, உச்சிவேளையில் கம்பளிச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அன்னாமேரி சொன்னாள்: “போன வருசம் நீங்க விழுந்துட்டதா தந்தி வந்தப்ப எம் உசுரு போயிட்டு வந்துச்சி. எனுக்கு மெடலு வேணாம். நீங்க முழுசா வந்தாப் போதும்.”

“முழுசா வரத்தான்டி வெயில்ல ஓடறேன். பழகிட்டா விழ மாட்டேன்.”

“கத்திரி வெயில்ல பழகிட்டு முழுசா இருந்தவன் யாரு?”

“ரெண்டு வாரந்தான், அன்னா.”

அவள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனாள். ஒரு வாரச் சண்டைக்குத் தயாராக இருந்த தனிஸ்லாசுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

*

இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்தது. ஊசுட்டேரி வறண்டு, அடித்தரை ஆமையோடு மாதிரி வெடித்துக் கிடந்தது. கரையில் தனிஸ்லாஸ் ஓடத் தொடங்கினான்.

கொஞ்ச தூரத்திலேயே கம்பளிக்குள் அடுப்பு மூட்டியது போலாயிற்று. கானல் எழும்பி ஏரியை நிரப்பியது. இல்லாத தண்ணீர் தளும்பித் தளும்பிக் கரையைத் தொட்டது. அதில் பனைமரங்கள் தலைகீழாக மிதந்தன. அவன் அந்தத் தண்ணீர் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தான். காது அடைத்து, உலகத்தின் சத்தமெல்லாம் எங்கோ அடுத்த ஊரில் கேட்பது போல இருந்தது. வியர்வை கணுக்கால் வரை இறங்கியது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘இதுதான் கல்கத்தா’ என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது அவன்மேல் நிழல் விழுந்தது.

ஏரிக்கரையில் அந்த இடத்தில் மரம் கிடையாது. நிமிர்ந்து பார்த்தான். ஒரே ஒரு மேகம், ஒரு பந்தல் அகலம்தான் இருக்கும், சூரியனுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. அவன் வேகத்தைக் கூட்டினான். மேகமும் நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. கிழக்கிலிருந்து குளுகுளுவென்று ஒரு காற்று கிளம்பிக் கம்பளிக்குள் புகுந்து வெளியே வந்தது. பிறகு மூக்கு நுனியில் ஒரு சொட்டு.

மழை கொட்டித் தீர்த்தது. கம்பளிச் சட்டை தண்ணீரைக் குடித்து, ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போலக் கனத்தது. தனிஸ்லாஸ் நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

“மழ” என்றான்.

“நல்லதாப் போச்சி” என்று அன்னாமேரி துண்டை நீட்டினாள்.

மறுநாள் வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான். கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. பாதி தூரம் போகவில்லை, மழை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

நாலாவது நாள் அவன் கரையேறியபோது அங்கே ஒரு கூட்டம் நின்றது. முன்னால் கரும்பு விவசாயி சிங்காரவேலு, கையில் சாமந்தி மாலையோடு.

“தம்பி, உன் கால எடுத்துக் கண்ல ஒத்திக்கணும்” என்றார். “கெணத்துல தண்ணி இல்லாம எங் கரும்பு காஞ்சி சாவக் கெடந்துச்சி. மூணு நாளா நீ ஓடற, மூணு நாளா பெய்யிது. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். இன்னா வேண்டுதல்பா இது?”

“வேண்டுதல்லாம் இல்லீங்க. நான் வெயிலுக்காக ஓடறேன்.”

சிங்காரவேலு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களா? வெயிலு போவறதுக்காக ஓடறாராம்.”

“அய்யோ, போவறதுக்கு இல்லீங்க! வெயிலு வேணும் எனுக்கு. வெயில்ல வேவணும்.”

“நமுக்காக அவுரு வெயில்ல வேவுறாராம்பா!” என்று ஒரு கிழவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மாலை விழுந்தது. கம்பளியின் மேல் ஈர மாலை. அதைப் போட்டுக்கொண்டு ஓடினான். ஏரியைப் பாதி சுற்றுவதற்குள் இடி இடித்தது. கூட்டம் கைதட்டியது.

*

வில்லியனூரில் இனி வேகாது என்று தெரிந்துகொண்ட தனிஸ்லாஸ், அடுத்த நாள் சட்டையைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு பாகூர்ப் பக்கம் போனான். கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோடு நேராக, நிழலில்லாமல் கிடந்தது. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. கடல் பக்கத்திலிருந்து உப்பும் ஈரமும் கலந்து வந்தன. அவன் நாக்கை நீட்டிக் காற்றைச் சுவைத்துப் பார்த்தான். கல்கத்தாவேதான்.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஓடினான். ரோட்டின் முனையில் பெரிய வெள்ளிக் குளம் ஒன்று தெரிந்தது. கிட்டே போகப் போக அது தள்ளிப் போனது. அதற்குள்ளிருந்து மாட்டுவண்டிகள் சக்கரமில்லாமல் மிதந்து வந்தன. ஒரு பஸ் முதலில் ஆகாயத்தில் தோன்றி, பிறகு மெதுவாகத் தரையில் இறங்கியது. இறங்கிய பஸ் அவன் பக்கத்தில் வந்து நின்றது.

“அண்ணே, நீ வில்லியனூர் மழக்காரர்தானே?” என்று கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி கேட்டான். “எங்கூருக்கும் வந்துட்டியா! ரொம்ப நல்லாருப்பண்ணே!”

“நான் மழக்காரன் இல்லப்பா…”

சொல்லி முடிப்பதற்குள் பஸ்ஸின் தகரக் கூரையில் படபடவென்று சத்தம் கேட்டது. பயணிகள் அவசரமாக ஜன்னல் படுதாக்களை இறக்கினார்கள். கண்டக்டர் மட்டும் நனைந்துகொண்டே அவனைக் கும்பிட்டான். அந்த பஸ் கடலூர் போய்த் திரும்புவதற்குள் வழியிலிருந்த ஊர்களுக்கெல்லாம் சேதி போய்விட்டது.

தனிஸ்லாஸ் வீட்டில் உட்கார்ந்து யோசித்தான். வானத்தை நம்பிப் பயனில்லை. கூரைக்குக் கீழே வெயில் வேண்டும்.

“புழுக்கம் வேணும்னா புழுங்கல் மில்லுக்குத்தான் போவணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தான்.

சாமிநாதனின் ரைஸ் மில் ஊருக்கு வெளியே இருந்தது. நெல் அவிக்கிற பெரிய கொட்டகை. உள்ளே ஆள் மூழ்குகிற அளவுக்கு அண்டாக்கள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. ஆவி மேலே போய்த் தகரத்தில் முட்டி, திரும்ப இறங்கி, எதிரே நிற்பவரைக்கூட மறைத்தது. சாமிநாதனுக்குத் தனிஸ்லாஸ் மேல் அபிமானம் உண்டு.

“ஓடு, தாராளமா ஓடு. அடுப்புல மட்டும் விழுந்துடாத” என்றார்.

அண்டாக்களைச் சுற்றிச் சுற்றி ஓடினான். புழுங்கல் நெல் வாசனை மூக்கை அடைத்தது. வெள்ளை ஆவிக்குள் உடம்பு கரைந்து, கால் எது, தரை எது என்று தெரியாமல் போயிற்று. மேகத்துக்குள் ஓடுவது போல இருந்தது. நெல் கிளறும் பெண்கள் ஆவியிலிருந்து தோன்றித் தோன்றி மறைந்தார்கள். எதிரே ஐஸ் கம்பெனிக் கதவு தெரிந்தது. இந்த முறை அவன் அதைத் திறக்கவில்லை. ஒதுங்கி, சிரித்துக்கொண்டே கடந்து போனான். உடம்பு கற்றுக்கொள்கிறது!

“மழ! மழ! நெல்ல வாருங்கடீ!”

வெளியே களத்தில் அவித்த நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு களம் முழுக்க. பெண்கள் கொட்டகையை விட்டுப் பறந்தார்கள். தனிஸ்லாசும் ஓடிப்போய் இரண்டு கையாலும் வாரினான். பாதிதான் காப்பாற்ற முடிந்தது. மீதி, தண்ணீரோடு சேர்ந்து வாய்க்காலில் போயிற்று.

சாமிநாதன் நனைந்த வேட்டியோடு அவன் முன்னால் வந்து நின்றார்.

“தனிஸ்லாசு. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன். இனிமே நீ ஓடாத. ஒக்காரு. படு. நட. ஓட மட்டும் ஓடாத.”

“நான் கூரைக்குள்ளதானே ஓடினேன், மொதலாளி?”

“அதுக்கே இப்பிடி!”

*

அதிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. விவசாயிகள் ஓடச் சொன்னார்கள். ரைஸ் மில்காரர், செங்கல் சூளைக்காரர், வடகம் போடுகிறவர்கள் எல்லாரும் ஓடக் கூடாது என்றார்கள். பச்சைச் செங்கல் எல்லாம் கரைந்து மறுபடி மண்ணாகிவிட்டது என்று சூளைக்காரர் அவன் வாசலில் வந்து அழுதார். அவர் போனதும் ஒரு அம்மாள் வந்து, “பொதங்கெழம எம் பொண்ணு கல்யாணம். அன்னிக்கி மட்டும் ஓட வாணாம் தம்பி” என்று வெற்றிலைத் தட்டோடு கேட்டுக்கொண்டாள். பேசிக்கொண்டே இருக்கும்போது, “பொதங்கெழமதான் நாங்க நாத்து நடறோம்! கண்டிப்பா ஓடணும்!” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

கடைசியில் இரண்டு கட்சியும் பங்குச் சாமியாரிடம் போயின. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மழை ஆண்டவர் கையில இருக்கு” என்றார். “தனிஸ்லாஸ் கால்ல இல்ல.”

எல்லாரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் சிங்காரவேலு, “செரி தம்பி, நாளைக்கி எத்தினி மணிக்கி ஓடற?” என்று கேட்டார்.

அதற்குள் மடுகரையிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. நாலைந்து விவசாயிகள் இறங்கினார்கள். எங்கள் ஊரில் நிலம் வெடித்துக் கிடக்கிறது, ஒரே ஒரு ஓட்டம் ஓடிவிட்டுப் போனால் போதும் என்றார்கள். தனிஸ்லாசுக்கு ஒரு நப்பாசை. மடுகரை கடலிலிருந்து தள்ளி இருக்கிற ஊர். அங்கே நிஜமான வெயில் இருந்தாலும் இருக்கும். பக்கத்தில் நின்ற அன்னாமேரியைப் பார்த்தான்.

“போய்ட்டு வாங்க” என்றாள் அவள். அவள் இப்போதெல்லாம் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.

மடுகரையில் மேளம் வைத்திருந்தார்கள். அவன் கம்பளியைப் போடும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு வாரம் முடிகிற நேரத்தில் நாகராஜன் பயிற்சியைப் பார்க்க வந்தார். ஏரிக்கரையில் தூறிக்கொண்டிருந்தது. ஏரியில் நிஜமாகவே தண்ணீர் தேங்கியிருந்தது, அதில் தவளைகள் கத்தின. கரையெல்லாம் களிமண் சேறு. கணுக்கால் புதையப் புதைய, பல் கிட்டிக்க, உதடு நீலம் பாரித்து ஒருவன் ஓடி வந்தான். அவன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு இருபது முப்பது பேர் ஓடி வந்தார்கள்.

நாகராஜன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“நான் உன்ன இன்னா சொன்னேன், நீ இன்னா செஞ்சிக்கினு இருக்க?”

“மாஸ்டர், நானும் போவாத எடம் இல்ல. வெயிலு நிக்க மாட்டேங்குது.” தனிஸ்லாஸ் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னான். “எனுக்கு மட்டும் எங்கயுமே வெயிலு இல்ல, மாஸ்டர்.”

அவர் அவனைத் திட்டத்தான் வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. தோளில் தட்டினார்.

“டிக்கெட் எடுத்தாச்சி. வேற ஆளும் இல்ல. மெதுவா ஓடு. தல சுத்துனா ஓரமா வந்து ஒக்காந்துடு. உசுரு முக்கியம்.”

*

கல்கத்தா மைதானத்தில் வெயில் அவனுக்காகவே ஒரு வருஷம் காத்திருந்தது போல நின்றது. அதே வேகவைத்த ஈரத்துணி. புல்லிலிருந்து ஆவி வந்தது. கோட்டில் வந்து நின்ற மற்ற ஓட்டக்காரர்கள் கறுத்து, இறுகி, நிம்மதியாக இருந்தார்கள். ஒருவன் அந்த வெயிலில் நின்றுகொண்டு கொட்டாவி விட்டான். தனிஸ்லாஸ் நிற்கும்போதே நெற்றி வியர்வையை வழித்து வழித்து உதறிக்கொண்டிருந்தான்.

துப்பாக்கி வெடித்தது.

அவன் எல்லாருக்கும் கடைசியாக ஓடினான். சில சுற்றுகளிலேயே காது அடைத்தது. தூரத்தில் இரும்புக் கதவு மங்கலாகத் தோன்ற ஆரம்பித்தது. ‘அன்னா, நான் விழப் போறேன்’ என்று நினைத்தான்.

அவன்மேல் நிழல் விழுந்தது.

நிமிர்ந்து பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. மைதானத்தின் வடமேற்குப் பக்கமாக ஒரு கறுப்புச் சுவர் எழும்பி வந்தது. காற்று புழுதியை வாரிக்கொண்டு முன்னால் ஓடி வந்தது. கொடிகள் எல்லாம் ஒரே பக்கமாக விறைத்து நின்றன. நாகராஜன் ஓரத்தில் நின்று வானத்தையும் தனிஸ்லாஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மழை இறங்கியது. வில்லியனூர் மழையெல்லாம் இதற்கு ஒத்திகை என்பது போல இறங்கியது.

பாதை சேறாயிற்று. வெயிலுக்குப் பழகிய கால்கள் வழுக்கின. கொட்டாவி விட்டவன் வளைவில் மல்லாந்து விழுந்தான். இன்னும் இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். மீதிப் பேர் பயந்து பயந்து, கோழி நடப்பது போலக் காலைத் தூக்கி வைத்தார்கள். தனிஸ்லாசுக்கோ வீட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது. இந்தச் சேறு அவனுக்குத் தெரியும். இந்தக் குளிர் அவனுக்குத் தெரியும். கம்பளிச் சட்டையின் பாரம் இல்லாமல் உடம்பு பஞ்சாக இருந்தது. கண் பாதி மூடியது. உதட்டில் சிரிப்பு வந்தது. ஊசுட்டேரித் தவளைகள் காதில் கத்தின. ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். எத்தனை பேர் போனார்கள் என்று அவன் பார்க்கவில்லை.

யாரோ பிடித்து நிறுத்தியபோதுதான் ஓட்டம் முடிந்தது என்று தெரிந்தது.

“மூணாவதுடா! மூணாவது வந்துட்ட!” என்று நாகராஜன் சேற்றோடு அவனைக் கட்டிக்கொண்டார்.

தனிஸ்லாஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அதுதான் மெடலைவிடப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

*

வில்லியனூரில் அவன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மேளம் முழங்கியது. மாதா கோயில் வாசல்வரை ஊர்வலமாகக் கூட்டிப் போனார்கள். சாமிநாதன்கூட நெல்லை மறந்து வந்து ஒரு ரோஜா மாலை போட்டார். அன்னாமேரி கூட்டத்தின் ஓரத்தில் நின்று, அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். முழுசாக வந்திருக்கிறானா என்று பார்த்த மாதிரி இருந்தது. பார்த்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிங்காரவேலு கோயில் படியில் ஏறி நின்றார்.

“நான் அன்னிக்கே சொன்னேன்! நம்ம தனிஸ்லாசு காலெடுத்து வெச்சா வானம் தாங்காது! இங்க ஓடினாரு, ஏரி ரொம்பிச்சி. மடுகரையில ஓடினாரு, அங்கயும் நாத்து நட்டுட்டாங்க. கல்கத்தாவுல ஓடினாரு, அந்த ஊரே நனஞ்சி போச்சி. இது இன்னா சக்தி, எங்கேருந்து வந்துச்சி, யாருக்காச்சும் தெரியுமா?”

“நான் வெயிலுக்குத்தாங்க ஓடினேன்” என்று தனிஸ்லாஸ் மாலைகளுக்குள்ளிருந்து கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை.

கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் சின்னபொண்ணு கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்து, ஓரத்தில் நின்ற அன்னாமேரியைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள்.

“இன்னாய்யா எல்லா மாலயும் அந்தாளுக்கே போடுறீங்க? ‘எம் புருசன் எங்க ஓடினாலும் அவுரு தலமேல வெயிலு மட்டும் படக் கூடாது, மாதாவே’ன்னு தெனம் உச்சிக்கு முட்டி போட்டுக்கினு அழுதது இந்த அம்மாதானே!”